உள்ளே நிற்க ஓர் ஆள்

பார்த்துப் பழகப் போன வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் அவள் செய்த முதல் காரியமே தப்பாகப் போயிற்று.

ஸ்ட்ரெச்சரில் ஒரு பெரியவரைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்கள். ஒரு நர்ஸ் பக்கவாட்டில் ஓடியபடியே அவருடைய நெஞ்சை அழுத்திக்கொண்டு வந்தாள். அவர்களுக்குப் பின்னால் ஒற்றைக் காலில் மட்டும் செருப்போடு ஓர் அம்மாள். மனைவியாகத்தான் இருக்க வேண்டும். இத்தனை வருட அவசரப் பிரிவுப் பழக்கத்தில், யோசிக்கும் முன்பே, பழக வந்தவளின் கை நீண்டு கதவை மறித்துவிட்டது. சொந்தக்காரர்கள் வெளியே, நோயாளி உள்ளே. அவள் படித்ததும் அதுதான், செய்துவந்ததும் அதுதான்.

பக்கத்தில் நின்ற நெட்டையான நர்ஸ் ஒருத்தி, மறித்த கையை மெல்ல எடுத்துவிட்டாள். அந்த அம்மாளின் தோளை அணைத்து உள்ளே கூட்டிப்போய், கட்டிலின் கால்மாட்டில் நிற்கவைத்தாள். தானும் கூடவே நின்றாள். அடிக்கடி குனிந்து காதருகே ஏதோ சொன்னாள். ஒரு கட்டத்தில் அந்த அம்மாளின் கையை எடுத்துப் பெரியவரின் பாதத்தின் மேல் வைத்தாள்.

பெரியவர் பிழைக்கவில்லை. டாக்டர் நிறுத்தச் சொல்வதற்கு முன்பே நெட்டை அந்த அம்மாளிடம் ஏதோ கேட்டாள், அவள் தலையாட்டினாள். பிறகுதான் நிறுத்தினார்கள். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாள், ஊசி போட்ட பெண், நெஞ்சை அழுத்தி வியர்த்துப் போயிருந்த பையன், டாக்டர் என்று அறையில் இருந்த ஒவ்வொருவர் கையையும் பிடித்து நன்றி சொன்னாள். கடைசியில், கதவை மறித்தவளின் கையையும் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனாள்.



கதவை மறித்தவளுக்கு, தன் ஊர் ஆஸ்பத்திரியில் கத்திரி என்று பெயர். சட்டைப்பையில் எப்போதும் ஒரு கத்தரிக்கோல் இருக்கும். அடிபட்டு வருகிறவர்களின் உடுப்பை அவளைப்போல் சடாரென்று வெட்டி எடுக்க ஆள் கிடையாது. வாயும் அதே வேகம் என்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது. இரண்டு நாட்டு ஆஸ்பத்திரிகளும் பேசி வைத்துக்கொண்ட ஒரு பரிமாற்றத் திட்டத்தில், இங்கிருந்து மூன்று அவசரப் பிரிவு நர்ஸ்கள் அங்கே போக, பிற்பாடு அங்கிருந்து மூன்று பேர் இங்கே வருவதாக ஏற்பாடு. மூன்று மாதம் பார்க்கலாம், கேட்கலாம், நோயாளியைத் தொடக்கூடாது. வேலை தெரிந்தவளுக்குக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைவிட வேறு தண்டனை வேண்டாம். ஆனால் கை சும்மா இருந்ததால்தான் கண் இதையெல்லாம் பார்த்தது என்று பின்னால் அவளே சொல்லிக்கொள்வாள்.

நெட்டைக்கும் அவளுக்கும் பொதுவாக ஒரு மூன்றாம் பாஷை இருந்தது. இரண்டு பேருக்கும் அது சொந்தமில்லை, இரண்டு பேரும் அதைக் கால் நொண்டிக்கொண்டுதான் பேசினார்கள். அதனாலேயே ஒருத்தி பேசியது இன்னொருத்திக்கு நன்றாகப் புரிந்தது.

"ஒவ்வொரு ஷிப்டுலயும் எங்கள்ல ஒருத்திக்கு இதுதான் வேலை" என்றாள் நெட்டை. "ஊசி போடமாட்டா, மானிட்டர் பாக்கமாட்டா. கூட வந்தவங்க பக்கத்துல நிப்பா. என்ன நடக்குதுன்னு சொல்லுவா. மயக்கம் வந்தா உக்கார வைப்பா. அவங்களை விட்டு நகரவே மாட்டா."

"நெஞ்சை அழுத்தும்போது எலும்பு முறியற சத்தம்கூடக் கேக்குமே. அதையெல்லாமா பாக்க விடுவீங்க?"

"முன்னாடியே சொல்லிடுவோம். இப்ப ஒரு சத்தம் வரும், அது அவரைக் காப்பாத்தறதுக்காகத்தான்னு. சொல்லிட்டா தாங்கிக்கறாங்க. கதவுக்கு வெளிய நின்னு கற்பனை பண்றதுதான் தாங்கமுடியாதது."

கதவுக்கு வெளியே நிற்பது என்றால் என்ன என்று கத்திரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவளுடைய அப்பா அவள் வேலை பார்க்கும் அவசரப் பிரிவிலேயேதான் இறந்துபோனார். அன்றைக்கு அவளுக்கு விடுமுறை. அம்மாவும் அவளும் ஆட்டோவில் அவரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கூடவே உள்ளே ஓடப்போனவளை, அந்தப் பிரிவின் பொறுப்பு நர்ஸ், எல்லோரும் இன்சார்ஜ் அக்கா என்று கூப்பிடுகிறவள், நெஞ்சில் கைவைத்துத் தடுத்தாள். "இன்னிக்கு நீ ஸ்டாஃப் இல்ல, மக. வெளிய இரு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் மறக்க முடியாமல் போயிற்று. கதவுக்கு அந்தப்பக்கம் யார் என்ன செய்கிறார்கள், எந்த டிராயரைத் திறக்கிறார்கள் என்று சத்தத்தை வைத்தே கத்திரிக்குத் தெரிந்தது. அம்மாவுக்கு அதுகூடத் தெரியாது. அன்றிலிருந்து அம்மா, காய் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும், கேட்க நினைக்காமலே கேட்பதுபோல் கேட்பாள். "கடைசியா அவர் ஏதாச்சும் சொன்னாரா? என்னைத் தேடினாரா? ஒன்கூட வேலை பாக்கறவங்கதானே, கேட்டுச் சொல்லேன்."

மூன்று மாதம் முடிந்து திரும்பியவள், தான் பார்த்ததை முதலில் சொன்னது அம்மாவிடம்தான். கேட்டுவிட்டு அம்மா, "உங்க ஆஸ்பத்திரியிலயும் செய்யச் சொல்லு" என்றாள்.

துறைத் தலைவரான பெரிய டாக்டர், கத்திரி பேசி முடிக்கும்வரை பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் புதிதாக எதைச் சொன்னாலும், அது நடந்து முடிந்து வம்பில் கொண்டுவிட்டதுபோலவே பார்ப்பார்.

"யாராவது மயங்கி விழுந்து மண்டை உடைஞ்சா?"

"பக்கத்துலயே ஒரு நர்ஸ் நிப்பாங்க சார்."

"ஆளு?" என்றாள் பக்கத்தில் நின்ற இன்சார்ஜ் அக்கா. "இருக்கற கட்டிலுக்கே ஆள் பத்தாம நான் அல்லாடறேன். நிக்கறதுக்கு மட்டும்னு ஒருத்திய நான் எங்க போய்ப் புடிக்கறது?"

"நான் நிக்கறேன் அக்கா. என் ஷிப்டுல மட்டும் செய்யலாம். நான் இல்லாதப்போ பழையபடி கதவைச் சாத்திக்குங்க."

பெரிய டாக்டர் ஒத்துக்கொண்டார். ஒரே நிபந்தனை: உள்ளே விட்டவரை ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடக்கூடாது.

முதலில் எல்லாம் நன்றாகவே போயிற்று. ஒரு கிழவரின் மகன், அப்பாவின் தலைமாட்டில் நின்று அவர் காதில் பேசிக்கொண்டே இருந்தான்; அப்பா போன பிறகும் பேசி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தான். தூக்க மாத்திரையை விழுங்கிய பெண் ஒருத்தி பிழைத்துக்கொண்டாள்; உள்ளே நின்ற அவள் அக்கா, கத்திரியைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை. பயிற்சி டாக்டர்கள்கூட, சொந்தக்காரர்கள் பார்க்கிறார்கள் என்பதால் ஒருவரோடொருவர் மரியாதையாகப் பேச ஆரம்பித்திருந்தார்கள். "கத்திரி ஃபாரின் போயிட்டு வந்து எங்களுக்கெல்லாம் வாயைத் தச்சுட்டா" என்று கேலி பேசினார்கள். இன்சார்ஜ் அக்கா மட்டும் கேலி பேசவில்லை. கட்டில்களை எண்ணுவாள், ஆட்களை எண்ணுவாள், உதட்டைப் பிதுக்குவாள்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு மத்தியானம் அந்த எலக்ட்ரீஷியனைக் கொண்டுவந்தார்கள்.

ஒரு புதுக் கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர், ஏணியிலிருந்து இறங்கி, தண்ணீர் குடித்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். நாற்பது, நாற்பத்திரண்டு வயதிருக்கும். மனைவி அந்தத் தெருவிலேயே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். விரல் நுனியெல்லாம் கருப்பு மை. கத்திரி அவளை வாசலிலேயே பிடித்து நிறுத்தினாள்.

"அம்மா, நீங்க உள்ள வரலாம். ஆனா உள்ள நடக்கறது பாக்கறதுக்குக் கஷ்டமா இருக்கும். நான் உங்க கூடவே நிப்பேன். வர்றீங்களா?"

"வர்றேன். கூடவே இருப்பீங்கல்ல?"

"இருப்பேன்."

கால்மாட்டில் இரண்டு பேரும் நின்றார்கள். ஒரு பையன் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தான். அவன் ஓய்ந்ததும் இன்னொருவன் மாறினான். கத்திரி தணிந்த குரலில் ஒவ்வொன்றாகச் சொன்னாள்: இது மூச்சுக்கு, இது மருந்து, இப்போது எல்லோரும் கையை எடுப்பார்கள், ஷாக் கொடுப்பார்கள், உடம்பு தூக்கிப்போடும், பயப்படாதீர்கள். அந்த அம்மாள் கத்திரியின் முழங்கையைப் பிடித்திருந்தாள். மை அங்கே நாலு விரலாகப் பதிந்தது.

அப்போதுதான் வாசலில் இன்னொரு ஸ்ட்ரெச்சர். இருசக்கர வண்டியில் போன ஒரு பெண்ணை லாரி தட்டிவிட்டிருந்தது. தொடையிலிருந்து ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. அடுத்த தடுப்பிலிருந்து இன்சார்ஜ் அக்கா கூப்பிட்டாள். "கத்திரி, இங்க வா. ஆள் இல்ல."

கத்திரி திரும்பிப் பார்த்தாள். உண்மையாகவே ஆள் இல்லை. அக்கா ஒரு கையால் தொடையை அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் பேண்ட்டைக் கிழிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இதோ வந்துடறேன். இங்கேயே நில்லுங்க. ஒரே நிமிஷம்."

அந்த அம்மாளின் விரல்களைத் தன் முழங்கையிலிருந்து அவள்தான் எடுத்துவிட்டாள்.

போனவள் ஒரு நிமிஷத்தில் வரவில்லை. ஜீன்ஸை வெட்டி, காயத்தை இறுகக் கட்டி, ரத்தம் ஏற்ற ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் தடவித் தடவித் தேடி, கிடைத்து, ரத்தப்பையை ஏற்றி, அந்தப் பெண்ணை ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிவிட்டு நிமிர்ந்தபோதுதான் அந்தப் பக்கம் சத்தம் அடங்கியிருப்பது காதில் பட்டது. அவசரப் பிரிவில் சத்தம் அடங்குவதற்கு இரண்டே அர்த்தம்தான் உண்டு.

தடுப்பை விலக்கிக்கொண்டு போனாள். டாக்டர் உயிர் போன நேரத்தைச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தார். பயிற்சி டாக்டர் முதுகைக் காட்டிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தான். நெஞ்சை அழுத்திய பையன் கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தான். அந்த அம்மாள் கால்மாட்டில் இல்லை. ஆட்கள் இடித்து இடித்து அவளை ஒதுக்கிவிட்டிருந்தார்கள். சுவரோரமாக, ஆக்சிஜன் சிலிண்டருக்கும் குப்பைக் கூடைக்கும் நடுவில் ஒடுங்கி நின்றாள். கத்திரியைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"சரியாயிடுச்சா சிஸ்டர்? எல்லாரும் அழுத்தறதை நிறுத்திட்டாங்களே."

அவளிடம் யாரும் சொல்லவில்லை. அறை முழுக்க ஆள் இருந்தும், டாக்டர் வாய்விட்டு நேரத்தைச் சொல்லியும், அது அவளுக்கான வார்த்தை என்று அவளுக்குத் தெரியவில்லை. கத்திரிதான் சொன்னாள். சொல்லி முடித்தபோது அந்த அம்மாள் அழவில்லை. சிலிண்டரைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

சில நாள் கழித்து அந்த அம்மாளின் தம்பி வந்து பெரிய டாக்டரைப் பார்த்தான். கத்தவில்லை, வழக்குப் போடுவேன் என்று மிரட்டவும் இல்லை. "அக்கா தூங்கறதில்ல சார். மெஷின் ஓடற சத்தம் கேட்டா திடுக்குனு எழுந்திருக்கறாங்க. ஏன் சார் உள்ள விட்டீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பதிலுக்காக உட்கார்ந்திருந்தான். அன்றைக்கே உத்தரவு வந்துவிட்டது: யாரையும் உள்ளே விடவேண்டாம்.

"ஒரு நிமிஷம்கூடன்னு சொல்லியிருந்தேன்" என்றார் அவர் கத்திரியிடம். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

வெளியே வந்ததும் இன்சார்ஜ் அக்கா அவளைச் சாமான் அறைக்குள் இழுத்துப்போனாள். "நான்தான் கூப்பிட்டேன். அதையும் சார்கிட்ட சொல்லிட்டேன். நீ வராம இருந்திருந்தா அந்தப் பொண்ணு போயிருப்பா" என்றாள்.

"தெரியும்க்கா."

"அந்தப் பொண்ணு நேத்து வார்டுல எழுந்து நடந்துச்சு."

"தெரியும்க்கா. போய்ப் பாத்துட்டுதான் வந்தேன்."

இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்க அவளுக்குத் தெரியவில்லை. நடந்தவளின் நடை, நின்றவளின் நிலை இரண்டுமே கண்ணுக்குள் இருந்தன, ஒன்று இன்னொன்றை அழிக்கவில்லை. வீட்டில் ஒன்றும் சொல்லவேண்டாம் என்றுதான் நினைத்திருந்தாள். அம்மா முகத்தைப் பார்த்தே பிடித்துவிட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எலும்பு முறியற சத்தம் உங்கப்பாவுக்கும் வந்திருக்குமா?" என்றாள்.

கத்திரி அம்மாவின் மடியிலிருந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். அதுவே பதிலாகிவிட்டது. அதற்குப் பிறகு அப்பாவின் கடைசி நேரத்தைப் பற்றி அம்மா கேட்கவேயில்லை. கேட்டுக்கொண்டே இருந்தபோது சலிப்பாக இருந்தது. நின்றபிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது.

இந்த நேரம் பார்த்துத்தான் பரிமாற்றத்தின் அடுத்த பாதியாக அந்த நாட்டு நர்ஸ்கள் வந்து இறங்கினார்கள். மூன்று பேரில் நெட்டையும் ஒருத்தி. அவள் வருவாள் என்று ஒருகாலத்தில் நாள் எண்ணிக்கொண்டிருந்த கத்திரி, இப்போது அவள் இருக்கும் பக்கமே போகாமல் ஷிப்டை மாற்றிக்கொண்டாள். எத்தனை நாளைக்கு முடியும். ஒரு காலையில், கதவுக்கு வெளியே கையைப் பிசைந்துகொண்டு நின்ற ஒரு கூட்டத்தையும், சாத்திய கதவையும் பார்த்துவிட்டு, நெட்டை நேராக அவளிடம் வந்தாள்.

கேன்டீனின் மூலை மேஜையில் கத்திரி நடந்ததை எல்லாம் சொன்னாள். அந்த மூன்றாம் பாஷையில் சொல்ல நேரம் பிடித்தது. நெட்டை டீயைத் தொடவில்லை.

"நீ என்னைத் திட்டலாம்" என்றாள் கத்திரி.

"திட்டறதுக்கு என்ன இருக்கு? நீ வந்தப்போ எங்க ஷிப்டுல எத்தனை பேர் இருந்தோம், பாத்தேல்ல? அதுல பாதிப் பேர் இப்ப இல்ல. ஆளைக் கொறச்சுட்டாங்க. கூட நிக்கற வேலையைத்தான் முதல்ல எடுத்தாங்க. சும்மாதானே நிக்கறான்னு."

"அப்ப நீங்களும் கதவைச் சாத்திட்டீங்களா?"

"இல்ல. கதவைத் தெறந்து வெக்கணும்னு விதி இருக்கு. நிக்க ஆள் வேணும்னு விதி இல்ல. வர்றவங்க வர்றாங்க, சுவரோரமா நிக்கறாங்க. நாங்க எங்க வேலையைப் பாக்கறோம்." அவள் கோப்பையைத் தள்ளிவைத்தாள். "உனக்கு ஒரே ஒருத்தங்க. எனக்கு எத்தனையோ பேர், அவங்க முகமெல்லாம் மறந்துபோச்சு."

ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆனால் கத்திரிக்கு, கையில் பிடித்திருந்த கடைசிக் கயிறும் நழுவினாற்போல் இருந்தது. எங்கேயோ ஓர் ஊரில் அது சரியாக நடக்கிறது என்ற நினைப்பு இத்தனை நாளும் அவளைத் தாங்கிக்கொண்டிருந்தது.

அந்த வாரம் கிடைத்த விடுமுறையில் அவள் ஜெராக்ஸ் கடையைத் தேடிப் போனாள். என்ன பேசப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. கடை குறுகலானது. ஒரு பெரிய மெஷின், ஒரு மேஜை, காகிதக் கட்டுகள். அந்த அம்மாள் யாருடைய சான்றிதழையோ கண்ணாடியில் கவிழ்த்து மூடினாள். மெஷின் ஓடத் தொடங்கியபோது அவள் தோள் ஒரு தடவை குலுங்கி அடங்கியது. பிறகு நிமிர்ந்து பார்த்தாள். அடையாளம் தெரிந்துவிட்டது.

"உக்காருங்க சிஸ்டர்."

ஸ்டூல் ஒன்றுதான் இருந்தது. கத்திரி உட்காரவில்லை. வந்தவர்கள் போகும்வரை காத்திருந்தாள்.

"மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்மா. கூடவே இருப்பேன்னு சொல்லிட்டு விட்டுட்டுப் போயிட்டேன்."

"அந்தப் பொண்ணுக்கு ரத்தம் போச்சு. நானும்தான் பாத்தேன்" என்றாள் அந்த அம்மாள். காகிதக் கட்டைத் தட்டிச் சீராக்கினாள். "எனக்கு ஒண்ணு தெரியணும். தம்பிகிட்டகூட நான் இதைச் சொல்லல. நீங்க போனதும் நான் அவரைப் பாக்கல. நீங்க போன பக்கத்தையே பாத்துக்கிட்டு நின்னேன். இப்ப வருவீங்க, இப்ப வருவீங்கன்னு. திரும்பி அவரைப் பாக்கறப்போ நிறுத்திட்டாங்க. அந்த நேரத்துல அவர் கண்ணைத் தெறந்தாரா? அதுதான் தெரியணும். தெறந்து, நான் வேற எங்கயோ பாத்துக்கிட்டு நிக்கறதைப் பாத்தாரா?"

'தெறக்கல' என்று ஒரே வார்த்தை போதும். யார் போய் விசாரிக்கப் போகிறார்கள். அந்த வார்த்தை கத்திரியின் வாய்வரை வந்தும் விட்டது.

"நான் அங்க இல்லம்மா" என்றாள். "இருந்தவங்களைக் கேட்டுச் சொல்றேன்."

மறுநாள் கேட்டாள். நெஞ்சை அழுத்திய பையன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான். "எந்த எலக்ட்ரீஷியன்?" என்றான். அடையாளம் சொன்னதும், "அழுத்தறப்போ நான் கையைத்தான் பாப்பேன் சிஸ்டர், முகத்தைப் பாக்கமாட்டேன். பாத்தா அழுத்த முடியாது" என்றான். இன்னொருவன் கண் மூடியிருந்தது என்றான். கொஞ்சம் பொறுத்து, அது வேறொருத்தரோ என்றான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுக்கப்புறம் எத்தனை பேர் வந்துட்டாங்க" என்று சொல்லிவிட்டு, அப்படிச் சொன்னதற்கு அவரே வருந்தியதுபோல் வெளியே போய்விட்டார். பயிற்சி டாக்டர் வேறு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். போன் போட்டுக் கேட்டாள். அவன் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை என்றான்.

வெறுங்கையோடு எப்படிப் போவது என்று இரண்டு தடவை பஸ் ஸ்டாப்வரை போய்த் திரும்பினாள். மூன்றாவது தடவை, மத்தியான ஷிப்டுக்கு முன்னால், போய்விட்டாள்.

கடையில் கூட்டமாக இருந்தது. ஏதோ பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள். அந்த அம்மாள் அவளைப் பார்த்ததும் கையிலிருந்ததை மேஜையில் வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"எல்லாரையும் கேட்டேன்மா. யாரும் பாக்கல. யாருக்கும் ஞாபகமும் இல்ல."

அந்த அம்மாள் தெருவைப் பார்த்தாள். எதிரே ஒரு வேன் பின்பக்கமாக வந்து நின்றது. அதிலிருந்து ஒருவன் இறங்கி, கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனான்.

"அத்தனை பேர் இருந்தாங்களே" என்றாள்.

"ஆமாம்மா."

"தெறக்கலன்னே சொல்லியிருக்கலாம் நீங்க."

"சொல்லலாம்னுதான் நெனச்சேன்."

அந்த அம்மாள் தலையை ஆட்டினாள். கோபம் இல்லை, மன்னித்ததாகவும் தெரியவில்லை. உள்ளேயிருந்து ஒரு பிள்ளை, "ஆன்ட்டி, எனக்கு பஸ் போயிடும்" என்று கூப்பிட்டது. "வர்றேன்" என்று அவள் உள்ளே போனாள். அந்தப் பிள்ளையின் தாளை வாங்கிப் புரட்டிப் பார்த்து, "ரெண்டு பக்கமும் எடுக்கணுமா?" என்று கேட்டாள்.

கத்திரி கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றாள். மெஷினின் பச்சை வெளிச்சம் அந்த அம்மாளின் முகத்தில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய் வந்தது. பிறகு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதால் கிளம்பிப் போனாள்.